சாரல் பொய்த்த வருஷமும் மாட்டுத் தீவனமும்

குற்றாலத்து அருவிகளில் நீர் பெருகினால், நீராடும் காலம் வந்துவிட்டதென்று வெளியூரார் மகிழ்வர். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கோ அவ்வருவி நீர் கார் நெல்லுக்கு அடையாளம். அந்நெல்லோடு வரும் வைக்கோலுக்கும் அதுவே அடையாளம். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் மேல்காற்று மழையைச் சாரலாகக் கொண்டுவருகிறது. சிற்றாறும் அதனைச் சேர்ந்த ஓடைகளும் அப்போது ஓடுகின்றன. அணைக்கட்டுக்களின் வழியாகக் குளங்கள் நிரம்புகின்றன. கார் நடவு நடைபெறுகிறது.

சாரல் பொய்த்தால் நெல் போயிற்றென்பது உடனே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதைக் குறித்து ஊரில் கூட்டம் கூடுகிறது, மனு எழுதப்படுகிறது. வைக்கோல் போயிற்றென்பது மட்டும் உடனே தெரிவதில்லை. பழைய படப்பு சில வாரங்களுக்கு நிற்கிறது; வரப்பில் கொஞ்சம் புல்லும் இருக்கிறது. கார்த்திகை பிறந்து படப்பின் அடி தெரியும்போதுதான் தொழுவத்தைப் பற்றிய கவலை பிறக்கிறது. அதற்குள் வைக்கோலின் விலை ஏறிவிடுகிறது. மாட்டின் விலை இறங்கிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்ளும் குடும்பம் மறுபடி தலையெடுக்கச் சில வருஷங்கள் ஆகும்.

ஆகவே இக்கட்டுரையில் வற்புறுத்தப்படும் விஷயம் ஒன்றே. தை மாதத்துத் தீவனப் பஞ்சத்திற்குப் புரட்டாசி மாதத்திலேயே பரிகாரம் தேடவேண்டும். தனி ஒருவர் தேடுவதைக் காட்டிலும் சங்கமாகச் சேர்ந்து தேடினால் பலன் அதிகம்.

குறைவு நேரும் மாதங்கள்

நமது பக்கத்தில் வைக்கோல் வருஷத்திற்கு இருமுறை கிடைக்கிறது. கார் அறுவடை புரட்டாசியை ஒட்டி நடக்கிறது. பிசான அறுவடை மாசி, பங்குனி மாதங்களில் நடக்கிறது. காரில் கிடைத்த வைக்கோல் ஐப்பசி முதல் மாசி வரையில் மாடுகளைக் காக்கவேண்டும். கார் பொய்த்தால், பங்குனியில் வந்த பிசான வைக்கோலின் மிச்சத்தைக் கொண்டே அந்த 5 மாதங்களையும் தள்ளவேண்டியிருக்கிறது.

இம்மாதங்கள் மாட்டுக்கு எளிய மாதங்கள் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும். மார்கழி, தையில் பனி பெய்யும். பிசான உழவும் தொளி கலக்குவதும் இக்காலத்திலேயே நடக்கின்றன. மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல் பார்வைக்குப் பசுமையாயிருந்தாலும் பெரும்பகுதி தண்ணீரே ஆகும். அதை நம்பி வைக்கோலை நிறுத்திவிட்டால் மாடு கழிந்து மெலியும். கோடையில் மெலிந்த மாட்டுக்கு உடம்பு தேறவேண்டிய காலத்தில் மறுபடி மெலிவு நேர்ந்தால், பசு பருவத்திற்கு வருவதில்லை; சினைப்பட்டிருப்பது வலிமையற்ற கன்றை ஈனும். ஒரு மழைக்காலத்தில் தீவனத்தைக் குறைத்ததன் நஷ்டம், கன்று ஒரு வருஷம் தள்ளிப்போவதாலும் கறவை குன்றுவதாலும் பின்னர் வெளிப்படுகிறது.

முன் நடந்தவற்றால் அறியத்தக்கவை

1876 முதல் 1878 வரையில் தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று பெரியோர் இன்றும் கூறுவதுண்டு. அப்பஞ்சத்தில் மக்களோடு கால்நடைகளும் ஏராளமாய் மாண்டன. மழை திரும்பியபோது உழுவதற்கு மாடில்லாமையால் நிலங்கள் தரிசாய்க் கிடந்தன. பஞ்சத்தின் துன்பம் மழையோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

நம் காலத்தில், 2016-ம் வருஷத்தில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் மிகவும் குறைந்தது. இயல்பாகப் பெய்யவேண்டிய 440 மில்லிமீட்டருக்குப் பதிலாக 168 மில்லிமீட்டரே பெய்தது. குறைவு நூற்றுக்கு 62 பங்கு. 2017 ஜனவரியில் மாகாணத்தின் எல்லா ஜில்லாக்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையென்று சர்க்கார் அறிவித்தனர். மானிய விலையில் வைக்கோல் கொடுக்க உலர்தீவனக் கிடங்குகளும் பின்னர்த் திறக்கப்பட்டன. இவ்வுதவி நன்றியுடன் ஏற்கத்தக்கதே. ஆயினும் வறட்சி அறிவிக்கப்படுவதற்குள் தை மாதம் நெருங்கிவிட்டதென்பதைச் சங்கத்தார் மனத்தில் கொள்ளவேண்டும். சர்க்காரின் கை நம்மை வந்தடையும் வரையில் நம் கையே நமக்கு உதவி.

2023-ம் வருஷம் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. அவ்வருஷத்து ஆகஸ்டு மாதம், 1901 முதல் உள்ள கணக்கில், இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்க்க மிகக் குறைவான மழை பெய்த ஆகஸ்டு ஆயிற்று. அதே வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளிலோ திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி ஜில்லாக்களில் பெருமழை கொட்டியது. தூத்துக்குடி ஜில்லாவிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. வறண்ட ஆவணிக்குப் பின் வெள்ளமான மார்கழி வரக்கூடும். ஆகையால் வைக்கோலைச் சேர்த்தால் மட்டும் போதாது. நனையாமல் காப்பதும் அதே அளவு அவசியமாகும்.

தொழுவத்தின் கணக்கு

நகைக்கும் நிலத்துக்கும் கணக்கு வைத்திருக்கும் நாம் படப்புக்குக் கணக்கு வைப்பதில்லை. கண்ணால் பார்த்து, "தை வரை காணும்" என்று சொல்லிவிடுகிறோம். அதனால் வரும் ஏமாற்றமே பெரிது.

300 கிலோ எடையுள்ள மாடு, உடல் நிலை கெடாமலிருக்க நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 முதல் 7 கிலோ வரை உலர்ந்த பொருளாகத் தீவனம் உண்ணவேண்டும். இதில் வைக்கோல் 5 அல்லது 6 கிலோவாகவும், மீதி தழை, தவிடு, பிண்ணாக்கு முதலியனவாகவும் இருக்கலாம். உதாரணமாக ஒரு குடும்பத்தில் உழவு மாடு 2, கறவைப் பசு 1, கிடாரி 1 இருப்பதாகக் கொள்வோம். உழவு மாடுகளுக்குத் தலைக்கு 6 கிலோ, பசுவுக்கு 5 கிலோ, கிடாரிக்கு 3 கிலோ. ஆக நாளொன்றுக்கு 20 கிலோ வைக்கோல் செல்லும். ஐப்பசி முதல் மாசி முடிய 150 நாட்கள் என்று வைத்துக்கொண்டால் 3,000 கிலோ ஆகிறது. மிதிபட்டும் நனைந்தும் சேதமாவதற்கு நூற்றுக்கு 10 பங்கு சேர்க்க, 3,300 கிலோ தேவை.

இப்பொழுது வைக்கோல் பெரும்பாலும் இயந்திரக் கட்டுக்களாகவே வருகிறது. கட்டின் எடை இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும், ஈரத்தாலும் மாறும். ஆகையால் 10 கட்டுக்களைத் தராசில் நிறுத்துச் சராசரி எடுத்துக்கொள்ளவேண்டும். கட்டு 15 கிலோ என்று வந்தால் மேற்படி குடும்பத்திற்கு 220 கட்டுக்கள் தேவை. கையிருப்பு 90 கட்டானால் குறைவு 130 கட்டு, அதாவது 1,950 கிலோ. இக்குறைவு புரட்டாசியிலேயே தெரிந்துவிட்டால் அதை நிரப்ப வழி தேடலாம். கார்த்திகைக் கடைசியில் தெரிந்தால், கேட்ட விலையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கட்டொன்றுக்கு 60 ரூபாய் மட்டுமே விலை ஏறியதாக வைத்துக்கொண்டாலும், கணக்குப் பாராததற்கு அக்குடும்பம் செலுத்தும் அபராதம் 7,800 ரூபாய்.

எந்த மாட்டுக்கு முதலிடம்

தீவனம் குறைவாயுள்ளபோது எல்லா மாடுகளுக்கும் சமமாகப் பங்கிடுவது தர்மம் போலத் தோன்றும். அதன் முடிவில் எல்லா மாடுகளும் மெலிகின்றன. எனவே தொழுவத்தை மூன்று வரிசையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் வரிசை, பால் கறக்கும் மாடுகளும், சினை 7 மாதத்துக்கு மேற்பட்டவையும், பால்குடி மறந்த இளங்கன்றுகளுமாம். இவற்றுக்குக் குறைக்கக் கூடாது. கறவைப் பசுவுக்கு உடம்பைக் காக்கும் தீவனத்தோடு, கறக்கும் பால் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் 1 கிலோ அடர்தீவனம் சேர்க்கவேண்டும்; எருமைக்கு 2 லிட்டருக்கு 1 கிலோ. சினையின் கடைசி 2 மாதங்களில் தினம் 1 கிலோ அல்லது ஒன்றரை கிலோ அதிகம் கொடுத்தால் ஈற்றுக்குப்பின் பால் அதை ஈடுசெய்யும்.

இரண்டாம் வரிசை, உழவு மாடுகளும் வளரும் கிடாரிகளும். உழவு நாட்களில் எருதுக்குத் தவிடும் பருத்திக்கொட்டையும் கூட்டவேண்டும். ஏர் இல்லாத நாட்களில் உடம்பு குறையாத அளவு கொடுத்தால் போதும்.

மூன்றாம் வரிசை, கிழடு தட்டியவை, பலமுறை சினை ஊசி போட்டும் நிற்காதவை, வேலைக்கு வேண்டாத உபரி மாடுகள். இவற்றை விற்கப் பலருக்கு மனம் வருவதில்லை, அம்மனநிலை இகழத்தக்கதன்று. ஆனால் விற்றே ஆகவேண்டியதை ஆவணி, புரட்டாசியில் உடம்பில் சதை இருக்கும்போதே விற்பது, விற்பவனுக்கும் நலம், தொழுவத்தில் எஞ்சியிருக்கும் மாடுகளுக்கும் நலம். தை மாதத்தில் எலும்பும் தோலுமாய் நிற்கும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டினால் அடிமாட்டு விலைக்குமேல் ஒருவரும் கேட்கமாட்டார். நான்கு மாதம் அது தின்ற வைக்கோலும் வீணே. ஒரு மாடு வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்தில் அந்த ஒரு மாடே முதல் வரிசையைச் சேர்ந்தது. அதைக் காப்பதற்கே பின்னால் சொல்லப்போகும் சங்க ஏற்பாடு முக்கியமாய் வேண்டியிருக்கிறது.

வைக்கோலைப் பக்குவப்படுத்துதல்

வைக்கோல் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. அதில் புரதச் சத்து நூற்றுக்கு 3 அல்லது 4 பங்குக்குமேல் இல்லை. அதிலும் செரிப்பது சொற்பம். வைக்கோலிலுள்ள ஆக்ஸாலிக் உப்பு, மாட்டின் உடம்புக்குச் சேரவேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தடுக்கிறது. ஆகையால் வைக்கோலை மட்டும் தின்று வரும் மாட்டுக்குத் தினம் 30 முதல் 50 கிராம் வரை தாது உப்புக் கலவையும், 30 கிராம் சோற்றுப்பும் தவறாமல் கொடுக்கவேண்டும்.

வைக்கோலின் குறையைப் போக்க யூரியாப் பக்குவம் என்ற முறை கால்நடை இலாகாவினரால் சிபாரிசு செய்யப்படுகிறது. 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்துக்கொள்ள வேண்டும். தரையில் தார்ப்பாயை விரித்து, வைக்கோலை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, கரைசலைப் பூவாளியால் சீராகத் தெளித்து, காலால் நன்றாக மிதிக்கவேண்டும். இவ்வாறு அடுக்கடுக்காக ஏற்றி, காற்றுப் புகாதபடி பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து, 21 நாட்கள் விட்டுவைக்க வேண்டும். பின்னர்த் திறக்கும்போது வைக்கோல் மஞ்சள் கலந்த பழுப்பாய், மிருதுவாய் இருக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து, மூக்கை அரிக்கும் வாடை போகும்வரை நிழலில் உலர்த்திக் கொடுக்கவேண்டும். புரதம் 7 அல்லது 8 பங்காக உயரும். மாடு விருப்பத்துடன் அதிகமாகத் தின்னும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று, ஏறக்குறைய 1,100 கிலோ வைக்கோலைப் பக்குவம் செய்யப் போதுமானது.

இதில் சில எச்சரிக்கைகள் உண்டு. 6 மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இது ஆகாது. 4 கிலோவென்ற அளவை மீறக் கூடாது. கரைசலை மாடு நக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. யூரியா நீரைக் குடித்த மாடு சில மணி நேரத்தில் மாண்டுவிடும். பட்டினி கிடந்த மாட்டுக்கு ஒரே நாளில் வயிறார இதைக் கொடுக்காமல், பழைய வைக்கோலுடன் கலந்து ஒரு வாரத்தில் பழக்கவேண்டும். முதல் முறை செய்யும் கிராமங்களில் கால்நடை மருத்துவரை அழைத்து அவர் முன்னிலையில் செய்து பழகுதல் உத்தமம்.

யூரியாப் பக்குவம் செய்ய இயலாதவர்கள் வைக்கோலை நறுக்கிப் போடுவதாலேயே கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். முழு வைக்கோலைத் தரையில் எறிந்தால் மாடு நல்லதைப் பொறுக்கிவிட்டு மீதியை மிதித்துவிடும். ஓரடி நீளத்துக்குக் குறைவாக நறுக்கி, தொட்டியில் இட்டு, உப்பு நீரோ கழுநீரோ தெளித்தால் வீண் குறையும்.

தழையும் மாற்றுத் தீவனங்களும்

வைக்கோலுக்கு இல்லாத புரதம் தழையில் இருக்கிறது. அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல், கல்யாண முருங்கை, வாகை ஆகிய மரங்களின் தழை மாட்டுக்கு ஏற்றது. 5 கிலோ வைக்கோலுடன் தினம் 5 கிலோ பசுந்தழை சேர்ந்தால், பால் கறவாத மாட்டுக்குப் பிண்ணாக்குச் செலவின்றியே உடம்பு நிற்கும். சூபாபுல் தழையைமட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் போடலாகாது. மிகுந்தால் முடி உதிரும். சீமைக்கருவேல நெற்றைச் சேகரித்து, உலர்த்தி, இடித்துத் தவிட்டுடன் கொஞ்சம் கலந்து கொடுக்கலாம்.

சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கத்து மானாவாரி நிலங்களில் உளுந்து, பாசிப்பயறு ஒடித்தபின் கிடைக்கும் பொட்டும் கொடியும், நெல் வைக்கோலைவிடச் சத்துள்ளவை. களத்திலேயே அவற்றைக் கொளுத்துவதும் மழையில் நனையவிடுவதும் பெரும் நஷ்டம். மக்காச்சோளத் தட்டையை நறுக்கினால் மாடு தின்னும். வாசுதேவநல்லூர்ப் பக்கத்தில் கரும்பு வெட்டும்போது கொழுந்தாடை கிடைக்கும். அதைக் கொடுக்கும் நாட்களிலும் தாது உப்பைக் குறைக்கக் கூடாது. வாழைத் தண்டும் இலையும் அவசரத்துக்கு உதவும். ஆனால் பெரும்பகுதி தண்ணீரானபடியால் அவற்றை மட்டும் நம்புவது மாட்டைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

கிணற்றில் கொஞ்சம் நீருள்ளவர்கள், நெல் வைக்க முடியாத வயலில் புரட்டாசியிலேயே ஒரு பகுதியைத் தீவனத்துக்கு ஒதுக்கவேண்டும். தீவனச் சோளமும் மக்காச்சோளமும் 60 முதல் 65 நாட்களில் வெட்டுக்கு வரும். அவற்றுடன் தட்டைப்பயறு கலந்து விதைத்தால் புரதம் கூடும். ஐப்பசி மழையை எதிர்நோக்கி மேட்டு நிலத்தில் காணம் விதைப்பது பழைய வழக்கம். அது மாட்டுக்கும் மண்ணுக்கும் நன்மை செய்வது, கைவிடத்தக்கதன்று. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைக் கால் ஏக்கரில் நிலையாக வைத்திருப்போர், கிணறு வற்றாத வரையில், பச்சைத் தீவனத்துக்குப் பிறரை எதிர்பார்க்கவேண்டியதில்லை.

மழைக்குப்பின் வரும் ஆபத்துக்கள்

வறட்சியில் மாண்ட மாடுகளைக் குறித்துப் பேசுகிறோம். வறட்சிக்குப்பின் மழை பெய்த முதல் 15 நாட்களிலும் மாடுகள் மாளுகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வாடி நின்ற இளஞ்சோளமும், அறுத்த தாளிலிருந்து மழைக்குப் பின் துளிர்க்கும் சோளமும் கொடிய நஞ்சுடையவை. அவற்றில் ஹைட்ரோசயனிக் அமிலம் மிகுந்திருப்பதால், பசியோடு மேய்ந்த மாடு மூச்சு முட்டிச் சில நிமிஷங்களிலேயே விழுந்துவிடும். சோளம் பூக்கும்வரை அதில் மாட்டை விடக் கூடாது. மரவள்ளித் தழையும் பச்சையாகக் கொடுக்கத்தக்கதன்று.

பசித்த மாடு முதல் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் வயிறு உப்பும். காலையில் தொழுவத்தில் 2 கிலோ வைக்கோலாவது தின்றபின்பே மேய்ச்சலுக்கு ஓட்டவேண்டும். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோல் நஞ்சாகும். கறுத்தும் வெளுத்தும் வாடை வீசியும் இருப்பதைக் குப்பைக்குழியில் போடுவதே லாபம். குளக்கரையிலும் கால்வாய்க் கரையிலும் மேயும் மாடுகளுக்கு நத்தையின் வழியாக ஈரல் தட்டைப்புழு பற்றும். வைத்தியரின் யோசனைப்படி குடற்புழு, ஈரற்புழு மருந்து கொடுத்தால் தின்னும் தீவனம் உடம்பில் ஒட்டும். கோமாரித் தடுப்பூசி, 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் 6 மாதத்துக்கொருமுறை இலவசமாய்ப் போடப்படுகிறது. அந்நாளில் மாட்டை மறைத்து வைப்பது தன் தொழுவத்துக்கும் ஊருக்கும் செய்யும் தீமையாகும். அவசர சிகிச்சைக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

சங்கம் செய்யத்தக்கவை

நமது பக்கத்து வைக்கோலின் நிலைமையைச் சற்று ஆராயவேண்டும். அறுவடை இயந்திரம் வந்தபின், வயலிலேயே கட்டுக் கட்டும் இயந்திரமும் வந்தது. அறுத்த மறுநாள் வியாபாரி வயலுக்கு வருகிறார், ரொக்கம் கொடுக்கிறார், வைக்கோல் லாரியில் ஏறிப் புளியரை வழியாக மலையாள தேசம் செல்கிறது. அறுவடைக் கூலிக்கும் கடனுக்கும் பணம் வேண்டிய நேரமாதலால் விவசாயி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறார். வியாபாரியைக் குறைகூறிப் பயனில்லை. வாங்குவதும் விற்பதும் அவர் தொழில். ஆனால் பங்குனியில் விற்ற அதே உழவர் மார்கழியில் அதைவிடக் கூடிய விலைக்கு வைக்கோல் தேடி அலைவதை, கணக்குப் பார்க்கச் செல்லும் கிராமங்களில் நாம் காண்கிறோம். இந்த இடைவெளியில் நிற்கவேண்டியது சங்கம்.

முதலாவது, ஆவணி மாதக் கடைசியில் சங்கத்தார் ஊரின் மாட்டையும் வைக்கோலையும் கணக்கெடுக்க வேண்டும். ஒவ்வொரு அங்கத்தினரும் மாடு எத்தனை, கட்டு எத்தனை, குறைவு எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தால் போதும். மேலே கண்ட குடும்பத்தைப் போன்ற 40 குடும்பங்கள் இருந்தால் ஊரின் குறைவு 78 டன் ஆகிறது. தனித்தனியே 130 கட்டுக்கள் வாங்குவோர் 40 பேருக்கு ஒரு விலை. 78 டன் ஒருங்கே கேட்கும் சங்கத்துக்கு வேறு விலை.

இரண்டாவது, கூட்டாக வாங்குதல். தாமிரபரணிப் பாசனத்தில் கார் விளைந்திருந்தால் அங்கே வாங்கலாம். அங்கும் இல்லையெனில், காவேரி டெல்டாவில் குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் நடப்பதால் அங்கு விசாரிக்கலாம். வைக்கோல் எடை குறைந்து இடம் மிகுதியாய் அடைப்பது. வண்டிச் சத்தம் விலையை விழுங்கிவிடும். எனவே நன்றாக இறுகிய கட்டாகவும், முழு லாரிப் பாரமாகவும், உலர்ந்ததைச் சோதித்தும் வாங்கவேண்டும். குறுவை வைக்கோல் மழையில் நனைந்திருக்கக் கூடும். கட்டின் நடுவில் கையை விட்டுப் பார்த்துச் சூடோ ஈரமோ இருந்தால் தள்ளிவிடவேண்டும்.

மூன்றாவது, வைக்கோல் சேமிப்பு. நல்ல பிசானம் விளைந்த வருஷத்தில், ஏக்கருக்கு 10 கட்டு என்று அங்கத்தினர்கள் சங்கத்தின் படப்பில் இட்டுவைக்க வேண்டும். 100 ஏக்கர் உள்ள ஊரில் 1,000 கட்டு, ஏறக்குறைய 15 டன் சேரும். போட்டவர் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். நிலமில்லாமல் ஒரு மாடு மட்டும் வைத்திருப்பவர் அடக்க விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இட்ட எடை, எடுத்த எடை, சேதம் ஆகியவற்றுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். மாதம் ஒருமுறை நிர்வாகக் குழுவினர் இருவர் படப்பைப் பார்வையிட்டுக் கையொப்பமிட வேண்டும். படப்பை மேட்டு நிலத்தில், கல்லும் பனங்கட்டையும் பரப்பிய பரணின்மேல், ஒரே குன்றாக இல்லாமல் இடைவெளி விட்டுச் சிறு சிறு படப்புக்களாகப் போட்டு, உச்சியைக் கூராக வேய்ந்து, தீக்கு இன்ஷியூரும் செய்துவிட்டால், 2023 டிசம்பர் போன்ற மழைக்கும் கோடைத் தீக்கும் அஞ்சவேண்டியதில்லை. இவ்வேற்பாட்டுக்குச் சங்கத்தின் துணைவிதிகள் இடம் கொடுக்கின்றனவா என்று முதலில் பார்த்து, இல்லையேல் பொதுக்குழுவைக் கூட்டி முறைப்படி திருத்தம் செய்துகொள்ள வேண்டும்.

நான்காவது, காலத்தில் கடன். கிசான் கடன் அட்டை வசதி, 2018-19 வரவு செலவுத் திட்டத்தின்படி கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. பயிருக்கு உரம் வாங்கக் கடன் பெறுவது போலவே, மாட்டின் பராமரிப்புச் செலவுக்கும் கடன் பெறலாம். புரட்டாசியில் வைக்கோலுக்கு வாங்கிய கடன் பாலிலிருந்தே அடைபடும். தையில் மாட்டை விற்றுவிட்டு, ஆனியில் மறுபடி மாடு வாங்கப் பெறும் கடன் எளிதில் அடைபடாது. பால் பணத்தைக் கையாள்வோர் பெரும்பாலும் பெண்களே. ஆகையால் இக்கடனைக் குறித்த கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்துக் கலந்தாலோசிக்க வேண்டும்.

நாளை வகுத்துக்கொள்ளல்

சாரல் பொய்த்த வருஷத்தில் ஒவ்வொரு சங்கத்தாரும் கீழ்க்கண்டபடி நாள் குறித்துக்கொள்வது நலம்.

ஆவணி முடிவதற்குள்: மாடும் வைக்கோலும் கணக்கெடுத்தல், மூன்றாம் வரிசை மாடுகளை விற்றல்.

புரட்டாசியில்: கடன் பெறுதல், கூட்டாக வைக்கோல் வாங்கிப் படப்பு வேய்தல், தீவனச் சோளம் விதைத்தல்.

ஐப்பசி முதல் மழையில்: காணம் விதைத்தல், அகத்தி, கிளைரிசிடியாக் கன்றுகளை வேலியிலும் வரப்பிலும் நடுதல், மழை விட்ட நாட்களில் வைக்கோலை யூரியாப் பக்குவம் செய்தல்.

கார்த்திகை 15-ம் தேதி: மறு கணக்கு. இது மிக முக்கியமான நாள். அதற்குள் குளங்கள் நிரம்பிப் பிசான நடவு நடந்திருந்தால், மாசி வரையில் கணக்கு வைத்தால் போதும். 2016-ல் நேர்ந்தது போல வடகிழக்கு மழையும் குறைந்திருந்தால் பிசான வைக்கோலும் வராது. அடுத்த கார் வரையில் தாங்கவேண்டும். அப்போது இரண்டாம் வரிசையிலும் யாவற்றை நிறுத்துவது, யாவற்றை விடுவது என்று அன்றே தீர்மானித்துவிட வேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் மாட்டின் விலையைக் குறைக்கும்.

1904-ம் வருஷத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தபோது, தனித்து நிற்கும் ஏழை விவசாயிக்குக் கிடைக்காத நாணயம், பலர் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்றால் கிடைக்கும் என்பதே அதன் கருத்தாயிருந்தது. பணத்தில் மெய்யான அக்கருத்து வைக்கோலிலும் மெய்யே. ஒருவர் படப்பு அடி தெரியும்போது மற்றொருவர் படப்பு நிற்கக்கூடும். ஊர்ப்படப்பு ஒன்று இருந்தால் எவர் தொழுவமும் வெறிச்சோட வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரல் எந்த வருஷம் பொய்க்கும் என்று முன்கூட்டிச் சொல்ல நம்மால் இயலாது. பொய்த்தது ஆவணியில் தெரிந்துவிடுகிறது. ஆவணிக்கும் தைக்கும் இடையிலுள்ள 4 மாதங்களை வீணாக்காத சங்கத்தின் அங்கத்தினர்கள், மாசி அறுவடையன்று தம் சொந்த மாடுகளுக்கே புது வைக்கோலைப் போடுவார்கள். இவ்வருஷம் பொதுக்குழுக் கூட்டத்தின் நடவடிக்கைகளில் தீவனக் கணக்கையும் ஒரு விஷயமாகச் சேர்த்துக்கொள்ளும்படி எல்லாச் சங்கத்தாரையும் கேட்டுக்கொள்கிறோம்.